தராசில் ஏறிய நட்சத்திரம்

கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. கதாநாயகியை ஏன் சாகடித்தீர்கள் என்று கேட்பவை ஒரு வகை. ஏன் இன்னும் சாகடிக்கவில்லை என்று கேட்பவை மற்றொரு வகை. சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு வந்த ஒரு தபால் கார்டு இந்த இரண்டிலும் சேராது. ஆலங்காயத்திலிருந்து, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தார்.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அதில் ஓர் அத்தியாயத்தில் கதாநாயகன் மொட்டை மாடியில் நின்று தெற்கு வானத்தைக் காட்டிப் பேசுவான். "அதோ, அகத்திய நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் ஒன்று நீலமாக மின்னுகிறதே, அது சூரியனைவிடப் பல மடங்கு உஷ்ணம். நட்சத்திர உலகத்தில் ஒரு நியாயம் உண்டு. உஷ்ணம் ஏற ஏற எடையும் ஏறும். மேனியின் சூட்டைச் சொன்னால் போதும், ஆளின் எடையைச் சொல்லிவிடலாம்" என்பான். கதாநாயகி வியந்து போவாள். என் கதாநாயகிகள் எளிதில் வியந்துவிடுகிறவர்கள்.

வாத்தியார் வியக்கவில்லை. "தாங்கள் சொன்ன நியாயம் பாதி உண்மை. ஆனால் அதற்கு உதாரணமாகத் தாங்கள் பிடித்த நட்சத்திரம், வானத்தில் உள்ள அத்தனை நட்சத்திரங்களிலும் அந்த நியாயத்துக்கு முதல் எதிர்ச்சாட்சி. நமது ஊருக்கு மேலே காவலூரில் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்தால் காட்டுகிறேன்" என்று எழுதியிருந்தார்.

பிழையைச் சுட்டுகிறவர்கள் உண்டு. சுட்டிவிட்டுச் சாப்பாடும் போடுகிறேன் என்கிறவர்கள் அபூர்வம். நான் வாணியம்பாடிக்கு ரயில் ஏறினேன்.

ஜவ்வாது மலை என்றதும் சந்தன மரமும் தேனும்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். நான் போனது புளிக் காலம். ஆலங்காயத்துக் கடைத்தெருவில் வாத்தியாருக்காகக் காத்திருந்தபோது, மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்கி வந்திருந்த ஒரு கிழவியும் ஒரு வியாபாரியும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஜவ்வாது மலையில் வாழும் அந்த மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆளுகிறவர்கள், அவ்வளவுதான். வியாபாரி மூட்டையைக் காலால் ஓர் உருட்டு உருட்டி, ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, எடையைச் சொன்னான். கிழவி அசையவில்லை. "கண்ணால நிறுக்காதய்யா. தராசுல போடு" என்றாள். "எத்தனை வருஷமா புளி வாங்குறேன், பார்த்தா தெரியாதா?" என்றான் அவன். "கோது நீக்கின புளி இது. கோதோட வாங்கின கண்ணு உன் கண்ணு" என்றாள் அவள். பின்னால் வந்து நின்ற வாத்தியார் என் தோளைத் தொட்டு, "பாடம் ஆரம்பித்துவிட்டது, ஸார்" என்றார்.

அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

பஸ்ஸில் போகும்போது வாத்தியார் முதலில் என் கட்சியின் பாதி உண்மையை எடுத்துச் சொன்னார். (சாஸ்திரக்காரர்கள் எடை என்று சொல்ல மாட்டார்கள், நிறை என்பார்கள். நான் கிழவியின் பக்கம். எடை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.)

நட்சத்திரம் என்பது தன் பாரத்தாலேயே உள்நோக்கி அமுங்கப் பார்க்கும் வாயுக் கோளம். பாரம் அதிகமானால் அமுக்கமும் அதிகம். அந்த அமுக்கத்தைத் தாங்கி நிற்க, நடுவே உள்ள அடுப்பு அதிக மும்முரமாக எரிய வேண்டும். சூரியனைப்போல் பத்து மடங்கு எடையுள்ள நட்சத்திரம் பத்து மடங்கு ஒளி விடுவதில்லை. சில ஆயிரம் மடங்கு ஒளி விடுகிறது. எடைக்கும் ஒளிக்கும் உள்ள இந்த உறவை 1924-ல் கேம்பிரிட்ஜில் எடிங்டன் கணக்குப் போட்டு நிலைநாட்டினார். ஒளி இத்தனை மடங்கு பெருகும்போது, நட்சத்திரத்தின் குறுக்களவோ நாலைந்து மடங்குக்குமேல் பெருகுவதில்லை. சின்ன வாசல் வழியாகப் பெரிய கூட்டம் வெளியேறுவது போல, அவ்வளவு ஒளியும் அந்த மேற்பரப்பின் வழியாக வெளியேற வேண்டுமானால் மேற்பரப்பு கொதித்தாக வேண்டும். சூரியனின் மேற்பரப்பு உஷ்ணம் கெல்வின் அளவில் ஏறக்குறைய 5,800 டிகிரி. சிரியஸ் நட்சத்திரம் சூரியனைப்போல் இரண்டு மடங்கு எடை. அதன் உஷ்ணம் 10,000 டிகிரியை ஒட்டியது. நம் பஞ்சாங்கத்துச் சித்திரை நட்சத்திரத்தில் பெரியது பதினொரு சூரியன் எடை. உஷ்ணம் 25,000 டிகிரி. உஷ்ணம் ஏற, எடையும் ஏறத்தான் செய்கிறது. அதற்கு மேலே போனால் ஏணிப்படி செங்குத்தாகிவிடுகிறது. 32,000 டிகிரியிலிருந்து 45,000 டிகிரிக்குப் போவதற்குள் எடை இருபது சூரியனிலிருந்து அறுபது சூரியனை எட்டிவிடும். உஷ்ணத்தைக் கொஞ்சம் தவறாக அளந்தாலும் எடையில் பல சூரியன்கள் கூடும், குறையும்.

"அந்த உஷ்ணத்தை எப்படி அளக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

நியாயமான கேள்வி என்று வாத்தியார் முகம் மலர்ந்தது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவப்பாகவும், பிறகு மஞ்சளாகவும், பிறகு வெண்மையாகவும் தகிப்பதைப் பார்த்து அவன் பக்குவம் தெரிந்துகொள்கிறான். நட்சத்திரத்துக்கும் நிறத்தைப் பார்த்து உஷ்ணம் சொல்லலாம். ஆனால் மிக உஷ்ணமான நட்சத்திரங்களிடம் இந்த வித்தை பலிக்காது. அவை தம் ஒளியில் பெரும் பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களாக விடுகின்றன. அதைப் பூமியின் காற்று வழியிலேயே மறித்துவிடுகிறது. நமக்கு வந்து சேரும் மிச்சத்தைப் பார்த்தால் 30,000 டிகிரிக்காரனும் ஒரே நீலம், 40,000 டிகிரிக்காரனும் ஒரே நீலம்.

இந்த இடத்தில்தான் கல்கத்தாவில் இருந்த ஓர் இளைஞர் கைகொடுத்தார். டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில், சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத சாஹா. உஷ்ணம் ஏற ஏற அணுக்கள் தம் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இழக்கின்றன. எந்த உஷ்ணத்தில், எந்த அழுத்தத்தில் எத்தனை பங்கு அணுக்கள் இழந்திருக்கும் என்பதற்கு 1920-ல் அவர் ஒரு சமன்பாடு கண்டார். அப்போது அவருக்கு வயது 26. அதற்கு முன்பே ஹார்வர்டில் பெண்மணிகள் பல ஆண்டு உட்கார்ந்து, நட்சத்திரங்களின் நிறமாலைகளை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று ரகம் பிரித்து வைத்திருந்தார்கள். அந்த ரகங்கள் உஷ்ணப் படிகளே என்பது சாஹாவின் சமன்பாட்டால் தெளிவாயிற்று. 1925-ல் ஸிஸீலியா பெய்ன் என்ற பெண்மணி அதைக் கொண்டு ஒவ்வொரு ரகத்துக்கும் டிகிரிக் கணக்கு எழுதினார். மிக உஷ்ணமான ஓ ரகத்துக்கு ஹீலியம்தான் உரைகல். முழு ஹீலியம் அணுவின் கோடுகளையும், ஓர் எலெக்ட்ரானை இழந்த ஹீலியத்தின் கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உஷ்ணம் தெரிந்துவிடும்.

ஹீலியம் என்ற பெயரைக் கேட்டதும் வாத்தியார் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. 1868 ஆகஸ்ட் 18-ல் நம் தேசத்தின் மீது முழுச் சூரிய கிரகணம் விழுந்தது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்ஸென், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாராய்ச்சி நிலையத்துத் தலைவர் போக்ஸன், இன்னும் பலர் நிறமாலைமானியோடு காத்திருந்தார்கள். அந்த ஆண்டு சூரியனின் விளிம்பில் தென்பட்ட ஒரு மஞ்சள் கோடு, பூமியில் அறியப்பட்ட எந்தப் பொருளோடும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பொருளுக்குத்தான் ஆங்கிலேய விஞ்ஞானி லாக்யர் ஹீலியம் என்று பெயர் வைத்தார். பூமியில் அது அகப்பட்டது 1895-ல்.

இதற்குள் பஸ் காவலூர் வந்துவிட்டது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர். உச்சி வெயில் நேரத்திலும் காற்று இதமாக இருந்தது. மரங்களுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்கள். பகலில் அவை யாவும் தூங்குகின்றன. இரவுக் காவல்காரர்கள் பகலில் தூங்குவது நியாயந்தானே?

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். ஹார்வர்டில் படிக்கப் போன பையன் 1949-ல் அங்கே ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தான். அதில் அவன் பெயரும் இருக்கிறது. 1960-ல் கோடைக்கானல் நிலையத்துக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு ஒரு குறை. கோடைக்கானல் சூரியனைப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். நட்சத்திரம் பார்க்க அங்கே மேகம் விடுவதில்லை. தெற்கு வானமும் வடக்கு வானமும் இரண்டும் தெரிகிற, ஊர் வெளிச்சம் எட்டாத ஓர் இடத்தைத் தேடி இந்த மலைக்கு வந்தார். 1968-ல் கோடைக்கானலில் சொந்தமாகச் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை ஆரம்பமாயிற்று. 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த சூட்டோடு, அந்த ஜூன் 7-ல் வியாழனின் சந்திரனான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்குக் காற்று மண்டலம் இருப்பதற்கான அடையாளத்தை இங்கிருந்து பதிவு செய்தார்கள். 1988-ல் ராஜமோகன் என்பவர் இங்கே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர். அந்தத் தேடலுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கல்கி'. எங்கள் தொழிலில் அந்தப் பெயருக்கு இருக்கும் மரியாதையை நினைத்து எனக்கு ஒரு சொந்தம் கொண்டாடத் தோன்றியது.

ஆனால் நான் வந்தது என் கதாநாயகன் காட்டிய நட்சத்திரத்துக்காக. இருட்டிய பிறகு நிலையத்து இளைஞர் ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். எட்டரை மணி வாக்கில் தெற்கே பார்த்து நின்றோம். வாத்தியார் வலக்கையை நீட்டி விரல்களை விரித்து, அகத்தியரிலிருந்து ஒரு சாண் அளந்து, "இதுதான் ஸார் உங்கள் ஆள்" என்றார். வேலா மண்டலத்துக் காமா. பழைய நூல்களில் இதற்குக் காமா ஆர்கஸ் என்று பெயர். ஆர்கோ என்ற கிரேக்கக் கப்பலின் பாயில் இருக்கும் நட்சத்திரம். அடிவானத்துக்கு மேலே முப்பது டிகிரி உயரத்தில் அமைதியாக நின்றது.

இதன் சரித்திரம் சென்னையில் தொடங்குகிறது என்பதை அந்த இருட்டில்தான் கேட்டேன்.

1867-ல் பாரிஸ் நிலையத்தில் வுல்ஃப், ராயே என்ற இருவர் அன்ன மண்டலத்தில் மூன்று மங்கலான நட்சத்திரங்களைக் கண்டார்கள். மற்ற நட்சத்திரங்களின் நிறமாலையில் கறுப்புக் கோடுகள் இருக்கும். இவற்றில் அகலமான, பளிச்சென்ற பட்டைகள் இருந்தன. இது என்ன ஜாதி என்று யாருக்கும் புரியவில்லை. இந்த ஜாதியிலேயே மிகப் பிரகாசமானது தெற்கே இருக்கிறது. ஆனால் பாரிஸில் அது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. 1871 டிசம்பர் 12-ல் மறுபடியும் தென்னாட்டில் கிரகணம். அதைப் பார்க்க ரோமாபுரியிலிருந்து ரெஸ்பீகி என்ற வானசாஸ்திரி வந்தார். வந்தவர் சென்னையில் தம் கருவியைத் தெற்கே திருப்பிக் காமா ஆர்கஸைப் பார்த்தார். பாரிஸ்காரர்கள் மங்கலாகக் கண்ட அதே ஒளிப் பட்டைகள், இங்கே தீவட்டிபோல் எரிந்தன. தென்வானத்து நிறமாலைகளின் ரத்தினம் என்று பிற்காலத்தில் இதற்குப் பெயரே வந்துவிட்டது. கிரகணம் பார்க்க வந்தவர் போகிற போக்கில் கண்டது இது. சென்னை நிலையம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் கருங்கல் தூண் மட்டும் தமிழ் எழுத்தும் பொறித்த மேனியோடு நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பட்டைகள் ஏன் அவ்வளவு அகலம் என்பதற்கு 1929-ல் கனடாவில் பீல்ஸ் காரணம் சொன்னார். நட்சத்திரம் தன் மேனியையே காற்றாக ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது. வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம். ஒரு லட்சம் ஆண்டு இப்படி ஊதினால் ஒரு சூரியன் எடை போய்விடும். இவ்வளவு தடித்த காற்றுக்குள் மறைந்து நிற்பதால், மேற்பரப்பு என்று எதைச் சொல்வது, அதன் உஷ்ணம் என்று எந்த ஆழத்து உஷ்ணத்தைச் சொல்வது என்பதே தகராறு. எப்படிப் பார்த்தாலும் 50,000 டிகிரிக்கு மேல். என் கதாநாயகனின் நியாயப்படி கணக்குப் போட்டால் எடை நூறு சூரியனைத் தாண்டும்.

"இனிமேல்தான் ஸார் கிழவியின் தராசு" என்றார் வாத்தியார்.

நட்சத்திரத்தைத் தராசில் போட ஒரே வழி, அதற்கு ஜோடி இருக்க வேண்டும். சிறுவயதில் கைகோத்துத் தட்டாமாலை சுற்றியிருக்கிறோம். குண்டுப் பையனும் ஒல்லிப் பையனும் சுற்றினால், குண்டுப் பையன் இருந்த இடத்திலேயே சின்ன வட்டம் போடுவான். ஒல்லிப் பையன் பெரிய வட்டத்தில் ஓடு ஓடென்று ஓடுவான். இருவருடைய வேகத்தையும் அளந்தால், எடை எத்தனைக்கு எத்தனை என்று சொல்லிவிடலாம். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் சாயும். அந்தச் சாய்வுதான் வேகம். சித்திரை நட்சத்திரம் நாலு நாளுக்கு ஒரு தரம் தன் ஜோடியோடு தட்டாமாலை சுற்றுகிறது என்று 1890-ல் ஜெர்மனியில் ஃபோகல் இப்படித்தான் கண்டுபிடித்தார்.

காமாவுக்கும் ஜோடி உண்டு என்று 1955-ல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹோர்ஹே ஸஹாதே காட்டினார். தட்டாமாலையின் கணக்கைத் தீர்த்தது கோடைக்கானல். கே. எஸ். கணேஷும் வைணு பாப்புவும் 1967-ல் வெளியிட்ட கட்டுரையில் சுற்றுக்காலம் எழுபத்தெட்டரை நாள் என்று கண்டார்கள். இரண்டில் ஒன்று அந்த வுல்ஃப்-ராயே. மற்றது ஓ ரகத்து நீல நட்சத்திரம், 35,000 டிகிரி. உஷ்ணம் அதிகமுள்ளவன் பெரிய வட்டத்தில் ஓடுகிறான். உஷ்ணம் குறைந்தவன் சின்ன வட்டத்தில் சாவதானமாகச் சுற்றுகிறான். அதாவது அதிகச் சூடுள்ளவன்தான் ஒல்லி.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நல்லவேளை, இருட்டாக இருந்தது.

ஆனால் தராசில் ஒரு குறை பாக்கி இருந்தது. தட்டாமாலையை மாடியிலிருந்து பார்ப்பதற்கும் திண்ணையிலிருந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. மாடியிலிருந்து நேர் கீழே பார்த்தால் பையன்கள் நம்மை நோக்கி வருவதும் இல்லை, விலகுவதும் இல்லை. எந்தச் சாய்வில் பார்க்கிறோம் என்று தெரியாதவரை, எடை இன்னதற்குக் குறையாது என்று சொல்லலாமே ஒழிய, இன்னதுதான் என்று சொல்ல முடியாது. அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்கும் கருவியைச் செய்தவர் ராபர்ட் ஹான்பரி பிரௌன். ஆங்கிலேயர், ஆனால் பிறந்தது 1916-ல், நீலகிரியில், வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் அருவங்காட்டில்! இதைச் சொல்லும்போது வாத்தியாருக்கு இருந்த பெருமிதத்தைப் பார்த்தால், பிரசவத்தின்போது அவரே வாசலில் காத்திருந்தார் என்று தோன்றும்.

ஹான்பரி பிரௌன் ஆஸ்திரேலியாவில் நராப்ரை என்ற ஊரில், 188 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஒவ்வொன்றும் ஆறரை மீட்டர் அகலமுள்ள இரண்டு கண்ணாடிகளை ஓடவிட்டார். ஒரே நட்சத்திரத்தை இரண்டும் பார்க்கும். இரண்டிலும் விழும் ஒளியின் படபடப்பு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று பார்த்து, கண்ணுக்கு வெறும் புள்ளியாகத் தெரியும் நட்சத்திரத்தின் குறுக்களவைக் கணக்கிடுவார். இந்த முறை உஷ்ணமான நட்சத்திரங்களிடம்தான் நன்றாகப் பலிக்கும். 32 நட்சத்திரங்களை இப்படி அளந்தார். 1968-ல் ஏவப்பட்ட ஒரு செயற்கைக்கோள், காற்று மறிக்கும் புறஊதா ஒளியையும் மேலே போய் அளந்து கொடுத்தது. அளவும் ஒளியும் தெரிந்துவிட்டால் மேற்பரப்பின் உஷ்ணத்தை ஊகம் இல்லாமல் நேராகவே சொல்லிவிடலாம். 1976-ல் அந்த 32 நட்சத்திரங்களின் உஷ்ணக் கணக்கும் வெளியாயிற்று. உஷ்ணத்தை வைத்து எடை சொல்கிறவர்கள் தங்கள் அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்ள அது பெரிய ஆதாரம். சித்திரை நட்சத்திரத்தில் பெரியது பதினொரு சூரியன் எடை என்று முன்பு சொன்னேனே, அதுவும் 1971-ல் இந்தக் கருவி தீர்த்துவைத்த கணக்கு. காமாவை 1970-லேயே இதனால் பார்த்துவிட்டார்கள். பிறகு அதே பரம்பரையில் வந்த ஸிட்னிக் கருவி இரண்டு நட்சத்திரங்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தது. 2007-ல் வெளியான எடை இதோ: 35,000 டிகிரி நட்சத்திரம் இருபத்தெட்டரை சூரியன். 50,000 டிகிரிக்கு மேற்பட்ட வுல்ஃப்-ராயே ஒன்பது சூரியன். இருவரும் நமக்கு 1,100 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறார்கள்.

நூறு எங்கே, ஒன்பது எங்கே!

"இவனும் ஒரு காலத்தில் முப்பது சூரியனுக்கு மேல் இருந்தவன்தான்" என்றார் நிலையத்து இளைஞர். பெரிய எடையோடு பிறந்து, சீக்கிரமே கிழவனாகி, வெளி மேனியையெல்லாம் இழந்துவிட்டான். எஞ்சியது உள்ளே இருந்த அடுப்பு. மூடிய மேனி போய்விட்டதால் அடுப்பின் சூடு நேரே தெரிகிறது. உஷ்ணத்தைக் கொண்டு எடை சொல்லும் நியாயம், பிறந்த எடையை இன்னும் இழக்காமல் வாலிபத்தில் இருக்கும் நட்சத்திரங்களுக்குத்தான் செல்லும். அவற்றிலும் ஓ ரகத்துக்கு நிறமாலையை வைத்துச் சொன்ன எடையும், வளர்ச்சிக் கணக்கை வைத்துச் சொன்ன எடையும் ஒத்துப்போகவில்லை என்று 1992-ல் ஸ்பெயினில் எர்ரேரோ குழுவினர் எழுதி, அந்தச் சர்ச்சை வெகுகாலம் நடந்தது.

திருவாதிரையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார் வாத்தியார். மேற்கே சாய்ந்து, சிவந்து நின்றது. 3,600 டிகிரிதான், சூரியனைவிடக் குளிர்ச்சி. எடையோ பதினைந்து சூரியன்களை ஒட்டி இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஊதிப் பெருத்து, நீறு பூத்த நெருப்பாக நிற்கிறது. இங்கே காமாவில் நீறு நீங்கிய தணல். "கோதோடு ஒன்று, கோது நீக்கி ஒன்று" என்று சொல்லி, அவர் என்னைப் பார்த்தார். காலையில் ஆலங்காயத்தில் ஆரம்பித்த பாடத்தை அங்கே முடித்துவிட்ட திருப்தி அவருக்கு.

பார்வையாளர்களுக்கென்று வைத்திருந்த சிறிய தொலைநோக்கியில் காமாவைக் காட்டினார்கள். பெரிய புள்ளி ஒன்று, பக்கத்தில் சின்னப் புள்ளி ஒன்று. "ஆகா, ஜோடி தெரிகிறதே! இதில் எது ஒல்லி, எது குண்டு?" என்று கூவிவிட்டேன். இளைஞர் மெல்லச் சிரித்தார். நான் பார்த்த சின்னப் புள்ளி அண்டை வீட்டுக்காரர். தட்டாமாலைக்காரர்கள் இருவரும் அந்தப் பெரிய புள்ளிக்குள்ளேயே இருக்கிறார்கள். எந்தத் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தாலும் பிரித்துக் காண முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு பிழை போதும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு இன்னொரு விஷயம் பேசிக்கொண்டிருந்தோம். 1971-ல் ப்யூனஸ் அயர்ஸில் வுல்ஃப்-ராயே நட்சத்திரங்களையும் உஷ்ண நட்சத்திரங்களையும் பற்றி ஒரு சர்வதேச மகாநாடு கூடியது. அதன் கட்டுரைகளைத் தொகுத்துப் பதிப்பித்தவர்கள் பாப்புவும் ஸஹாதேயும். 1979-ல் பாப்பு சர்வதேச வானவியல் சங்கத்தின் தலைவரானார். 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டில் சங்கத்தின் மகாசபை கூடியிருந்த சமயத்தில், 19-ம் தேதி, ம்யூனிச்சில் காலமானார். வயது 55. அவருக்கு அடுத்துத் தலைவரானவர் அருவங்காட்டில் பிறந்த ஹான்பரி பிரௌன். அவருக்கும் அடுத்து 1985-ல் ஸஹாதே. காமாவின் ஜோடியைக் கண்டவர், சுற்றை அளந்தவர், சாய்வைப் பார்க்கக் கருவி செய்தவர், மூவரும் வரிசையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கதையில் இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் நம்ப மாட்டார்.

காவலூரில் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட பெரிய தொலைநோக்கி ஒன்றை இந்தியாவிலேயே செய்து நிறுத்த வேண்டும் என்பது பாப்புவின் பெருங்கனவு. கண்ணாடி தேய்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார். 234 சென்டிமீட்டர் கண்ணாடியுள்ள அந்தத் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்து, தொலைநோக்கிக்கும் நிலையத்துக்கும் பாப்புவின் பெயரையே வைத்தார். நாங்கள் அதன் குவிமாடத்துக்கு வெளியே நின்றபோது, உள்ளே மோட்டார் உறுமி, கூரை மெல்லத் திரும்பும் ஓசை கேட்டது. எந்த நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கிழக்கே மேகம் திரண்டு வந்தது. சிறிது நேரத்தில் மோட்டார் மறுபடி உறுமியது, கூரையை மூடிவிட்டார்கள். இளைஞர் ஒன்றும் சொல்லாமல், வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தேநீர் போடப் போனார். மேகம் விலகுமா என்று விடியும்வரை காத்திருப்பது அவர்கள் வழக்கமாம்.

தொடர்கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். இப்போது கதாநாயகன், "உஷ்ணத்தைப் பார்த்து எடை சொல்லிவிட முடியாது, தராசில் போட வேண்டும்" என்று பேசுகிறான். கதாநாயகி முன்போலவே வியக்கிறாள். ஒரு பிரதியை ஆலங்காயத்துக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் தபால் கார்டு வந்தது.

"புத்தகம் கிடைத்தது. எடையைத் திருத்தியது சந்தோஷம். ஆனால் தெற்கே பார்த்து நின்றால் காமா அகத்தியருக்கு இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் என்பது அப்படியே நிற்கிறது. அன்று என் கையைப் பார்த்தீர்களே ஒழிய, அது நீண்ட பக்கத்தைப் பார்க்கவில்லை போலும். அடுத்த மார்ச்சில் மறுபடி வரவும்."